வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

சனங்களுக்கு விளங்கப்படுத்தினால் புள்ளி தருவார்கள். அதற்காகத்தான் நாங்கள் முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுவுக்குப் போனோம். பிறகு அணி அறிக்கையில் இதை எவ்வளவோ அழகாக எழுதினார்கள், படம் போட்டார்கள், ‘சமூகத்தின் குரலுக்குச் செவிகொடுத்தல்’ என்று தலைப்பும் வைத்தார்கள். அந்தத் தலைப்பைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வவுனியாவில் உயிரியல் படிக்கிற நாங்கள் சிலர் சேர்ந்து, வெளிநாட்டில் நடக்கிற செயற்கை உயிரியல் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தோம். உயிருக்குள் எழுதியிருப்பதை வாசிப்பது பழைய வேலை. அதையே புதிதாக எழுதி, ஒரு பற்றீரியாவுக்குள் வைத்து, எங்களுக்கு வேண்டிய வேலையை அதைக்கொண்டு செய்விப்பதுதான் செயற்கை உயிரியல். கிணற்றுத் தண்ணீரில் நஞ்சு இருந்தால் எங்கள் பற்றீரியா நிறம் மாற வேண்டும். அந்தச் சனியன் கடைசிவரை மாறவில்லை. ஆனால் போட்டியில் ஆய்வுக்கு மட்டுமல்ல, ஊர்ச்சனத்திடம் போய் இதையெல்லாம் விளங்கப்படுத்துவதற்கும் தனியாகப் புள்ளி இருந்தது. ஆய்வில் விட்டதை அதில் பிடிக்கலாம் என்றான் அஜந்தன்.

அஜந்தன் எங்கள் அணித்தலைவன், யாழ்ப்பாணத்துப் பெடியன். கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். வாய் இருக்கிறது அவனுக்கு. எந்தப் பெரிய விஷயத்தையும் குசினிச் சட்டிபானையை வைத்துச் சொல்லி முடித்துவிடுவான். கேட்கிறவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி ஒரு சந்தோசம் வரும். அந்தச் சந்தோசத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்கள் என்பதை அவன் யோசிப்பதில்லை. போட்டியிலும் அதற்குப் புள்ளி இல்லை.

நான் ஷிபா. என் வாப்பா மஹ்றூப் முல்லைத்தீவில் சாமான்கடை வைத்திருக்கிறார். தொண்ணூறில் முஸ்லிம்களான எங்கள் ஆட்களை இயக்கம் வடக்கைவிட்டுப் போகச் சொன்னபோது புத்தளத்துக்குப் போன குடும்பம். நான் பிறந்ததே அங்கே ஓலைக்கொட்டிலில்தான். சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தோம். முல்லைத்தீவுக்காரி ஒருத்தி அணியில் இருந்தால் சனம் நம்பும் என்று அஜந்தன் கணக்குப் போட்டான். முக்காடு போட்ட ஒருத்தியை விசுவமடுச் சனம் தங்கள் ஆளாக எடுக்குமா என்று நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பான்.

பொதுநோக்கு மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டு, சனத்தைக் கூப்பிட்டு வைத்திருந்தவர் தங்கம்மா. காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் சங்கத்துக்கு அந்தப் பகுதியில் அவர்தான் தலைவி. அவர் கூப்பிட்டால் வருவார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் நாங்கள் ஏதோ கொடுக்க வந்திருக்கிறோம் என்றுதான் வந்தார்கள். ஒருவர் எழும்பி, “தம்பியவை, வயலுக்குப் பசளை தருவீங்களோ?” என்று நேரடியாகவே கேட்டார். இல்லை, அறிவு தருவோம் என்ற மாதிரி அஜந்தன் ஏதோ சொன்னான். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் புத்திசாலி அவர்தான்.

அஜந்தன் ஒரு கதலி வாழைப்பழத்தை எடுத்தான். ஒரு பொலித்தீன் பையில் போட்டு நசித்தான். உப்புத் தண்ணீரும், கோப்பை கழுவுகிற லிக்குயிட்டில் கொஞ்சமும் விட்டான். “உயிருக்குள்ள எல்லாம் ஒரு எழுத்து இருக்கு. நாங்கள் அந்த எழுத்தைப் புதுசா எழுதப் பாக்கிறம்” என்றான். “செத்ததையும் எழுப்புவியளோ?” என்று பின்வரிசையில் ஒருவர் பகிடிவிட்டார். பெண்கள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு இருந்தார்கள்.

“அந்த எழுத்துக்குப் பேர்தான் டி.என்.ஏ.” என்றான்.

விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. டி.என்.ஏ. என்பது அங்கே புத்தகத்துச் சொல் இல்லை. குழாய் புதைக்கத் தோண்டினாலும் வீடு கட்டத் தோண்டினாலும் எலும்பு வருகிற பூமி அது. எலும்பு வந்தால் நீதவான் வருவார், வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வருவார்கள், எலும்புகள் பெட்டிகளில் ஏறிப் போகும். பிறகு ஒரு கதையும் இருக்காது. எப்போது கேட்டாலும் டி.என்.ஏ. பார்க்க வேண்டும் என்று ஒரு பதில் வரும். அந்தச் சொல்லை இந்தத் தாய்மார் எத்தனை அலுவலகத்து வாசலில் கேட்டிருப்பார்கள். இப்போது ஒரு பெடியன் அதைக் கதலிப்பழத்திலிருந்து எடுத்துக் காட்டுகிறேன் என்கிறான்.

தங்கம்மா எழும்பினார். “தம்பி, அப்ப எலும்பில இருந்தும் எடுக்கலாமோ?”

“எடுக்கலாம் அம்மா.”

“அது ஆற்ற பிள்ளை எண்டும் சொல்லலாமோ?”

“சொல்லலாம். பிள்ளையின்ர டி.என்.ஏ.யில பாதி தாயின்ர, பாதி தகப்பன்ர. தாயின்ர வாய்க்குள்ள ஒரு பஞ்சால தடவி எடுத்தாலே போதும். பக்கத்தில வச்சுப் பாத்தாப் பிடிபட்டிடும்.”

சொல்லிக்கொண்டே பழச்சாற்றைத் துணியில் வடித்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, குளிரப்பண்ணிய ஸ்பிரிட்டை மேலால் மெதுவாக விட்டான். வெள்ளை வெள்ளையாக நூல் எழும்பி வந்தது. அதுவரை கதிரையில் இருந்தவர்கள் எல்லாரும் மேசைக்கு வந்துவிட்டார்கள். கோயிலில் திரை விலக்கும்போது நிற்பதைப் போல நின்றார்கள். அந்த நேரத்தில்தான் எங்கள் ஆட்களில் ஒருவன் படம் எடுத்தான். அந்தப் படத்தில் குழாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மெலிந்த பெண்தான் நாகேஸ்வரி.

போகிறவர்களுக்கு எல்லாம் துண்டுப்பிரசுரம் கொடுத்தோம். அஜந்தன் எழுதியது. ‘வீட்டிலேயே செய்து பார்க்கலாம்’ என்று மேலே பெரிதாகப் போட்டு, என்ன சாமான் வேண்டும், எதை எதற்குப் பிறகு விட வேண்டும் என்று படத்தோடு இருந்தது. பழத்தில் செய்யலாம். உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளித்து அந்தத் தண்ணீரிலும் செய்யலாம். வடித்த பின் சக்கையை எறிந்துவிடவும் என்றும் ஒரு வரி இருந்தது.

நாகேஸ்வரி போகாமல் நின்றாள். கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றை இழுத்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு வெள்ளித் தாயத்தை வெளியே எடுத்தாள். சின்ன விரலின் நுனியளவு இருக்கும். அதை அஜந்தனிடம் நீட்டினாள்.

“தம்பி, இதுக்குள்ள என்ர மகன்ர தொப்புள்கொடி கிடக்கு. இதில எடுப்பியளோ?”

மலையகத்து ஆட்களின் வழக்கம் அது. பிள்ளைக்குக் கொடி விழுந்தால் எறியமாட்டார்கள். காயவைத்து, வெள்ளிக்குள் அடைத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டுவார்கள், வளர்ந்ததும் தாய் எடுத்து வைத்துக்கொள்வாள். நாகேஸ்வரியின் தாய் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தைவிட்டு வன்னிக்கு ஓடிவந்தவர்கள். அவள் அப்போது சிறுபிள்ளை. இவ்வளவு காலம் இங்கே இருந்து கதைபேச்செல்லாம் இந்த ஊராகிவிட்டது, இந்த வழக்கம் மட்டும் போகவில்லை.

அஜந்தன் தாயத்தைக் கையில் வாங்கவே இல்லை. மிகவும் அன்பாகத்தான் சொன்னான். “அம்மா, இது தேவையே இல்லை. இது பழசு, வெக்கையில கிடந்து பழுதாகியிருக்கும். நீங்களே இருக்கிறியள். உங்கட எச்சில் போதும்.”

“இல்லைத் தம்பி, இதில…”

“நீங்கள் பெத்த பிள்ளைதானே? பிறகென்ன!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “நாகேசு, அந்தச் சிரமமும் உனக்கில்லை. வாயைத் திறந்தாச் சரி” என்று தங்கம்மா அவளுடைய தோளில் தட்டினார். நாகேஸ்வரியும் சிரித்தாள். தாயத்தைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பல் மட்டும்தான் சிரித்தது.

மண்டபத்துக்குப் பின்னால் இருந்த பைப்பில் நான் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது நாகேஸ்வரி வந்தாள். கழுவி வைத்த ஒரு குழாயை எடுத்துத் துடைத்தாள். பிறகு, “நீ எங்கட சங்கத்தில இல்லை, எங்கட கோயிலுக்கும் வாறதில்லை. உன்னட்டச் சொன்னா ஊருக்குள்ள போகாது, என்ன?” என்று கேட்டாள்.

“போகாது அம்மா.”

அவளுடைய பேச்சே மாறிவிட்டது. தாயிடம் படித்த பேச்சாக இருக்க வேண்டும், எங்கேயோ உள்ளுக்குள் கிடந்து வந்தது. “அவன நான் பெறல புள்ள” என்றாள்.

கையில் இருந்த குழாயை நான் கீழே வைத்தேன்.

“எம் புருசன் பழனியாண்டிக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். அவரும் போய்ச் சேந்துட்டாரு. அப்ப நாங்க ஸ்கந்தபுரத்துப் பக்கம் கூலிக்கு இருந்தோம். மன்னார்ப் பக்கம் இருந்து ஓடிவந்த ஒரு பொண்ணு, வயித்துப் புள்ளையோட தனியா, பக்கத்துக் கொட்டில்ல இருந்திச்சு. புள்ளையப் பெத்திச்சு, காய்ச்சல்ல படுத்திச்சு, எழும்பவே இல்ல. புருசன் யாரு, சொந்தம் யாரு, ஒண்ணும் தெரியாது. எனக்குப் புள்ள இல்ல. தூக்கிட்டேன். கொடி விழுந்தது என் கையிலதான். அப்புறம் ஊரு மாறி இங்க வந்துட்டோம். எல்லாருக்கும் அவன் எம்புள்ள.”

புவனேந்திரன் என்று பெயர் வைத்தார்கள். புவி. கடைசிச் சண்டையில் சனத்தோடு சனமாக ஓடிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் எடுத்துவரப் போனவன் திரும்பி வரவில்லை. மீசை அரும்பி இருந்ததாம். சங்கம் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவள் அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு தங்கம்மாவுக்குப் பக்கத்தில் வெயிலில் இருக்கிறாள். ஒரு தரமும் தவறவிட்டதில்லை என்று பிறகு தங்கம்மாவே எனக்குச் சொன்னார்.

“அந்தத் தம்பி சொல்லுற மாதிரி என் எச்சிலக் குடுத்தா?”

“பொருந்தாது அம்மா.”

“இத்தன வருசம் ஊட்டி வளத்தேனே. அது கொஞ்சமும் அதுல ஏறியிருக்காதா?”

“ஏறாது அம்மா.”

வேறு என்ன சொல்ல? அதுதான் உண்மை. உண்மையைச் சொல்லும்போது ஒருவருடைய முகம் அப்படிப் போகும் என்று எங்களுக்கு எந்த விரிவுரையிலும் சொல்லித்தரவில்லை. ஆனால் இன்னொன்றும் எனக்குத் தெரியும். புவியின் எழுத்து என்று இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்தத் தாயத்துக்குள் மட்டும்தான். சண்டையில் அவர்கள் உடுப்பு, படுக்கை, அவன் தலைவாரின சீப்பு எல்லாவற்றையும் வழியில் போட்டுவிட்டு வந்தவர்கள். தேவையே இல்லை என்று அஜந்தன் கையில் வாங்காமல் விட்ட சாமானைத் தவிர வேறொன்றும் இல்லை.

“உங்கட பேர் சொல்லாமல் கம்பஸில கேட்டுப் பாக்கிறன். இதைக் கவனமா வச்சிருங்கோ” என்றேன்.

“கேள். ஆனால் போனில ஒண்டும் கதைக்காதை. எங்கட போன் எல்லாம் ஆரோ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாங்கள். நேரில வா.” மறுபடி இந்த ஊர்ப் பேச்சுக்கு வந்துவிட்டாள். சங்கத்துத் தாய்மார் எல்லாரும் அப்படித்தான். போன் வந்தால் சுகம் விசாரித்து வைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டு பழகியவர்கள், அவர்களைப் பிழை சொல்ல ஏலாது.

வவுனியாவுக்குத் திரும்புகிற வான் வண்டியில் அஜந்தன் சந்தோசமாக இருந்தான். சனத்தின் வரவேற்பைக் கண்டீங்களோ, இதுதான் எங்கள் பதக்கம் என்றான். நான் கோபத்தில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவனுக்குச் சொல்லவும் ஏலாது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

எங்கள் விரிவுரையாளர் பிரஷாந்தினி மிஸ்ஸிடம் பெயரில்லாமல் கேட்டேன். பெறாத தாய், பெற்றவள் உயிரோடு இல்லை, சொந்தமும் இல்லை, வெள்ளிக்குள் கொடி இருக்கிறது என்றேன். மிஸ் கதிரையைவிட்டு எழும்பிவிட்டார்.

“காயவச்சு மூடி வச்சதோ? அப்ப கிடைக்கும் ஷிபா. கட்டாயம் சொல்லேலாது, ஆனால் நல்ல ஆய்வுகூடம் எண்டால் கிடைக்கும். கையே வைக்க வேண்டாம். திறக்கவும் வேண்டாம். நான் ஒருக்கா யோகநாதனோட கதைக்கிறன்.”

யோகநாதன் காணாமல் போனோர் வழக்குகளில் தாய்மாருக்காக நிற்கிற சட்டத்தரணி. அவர் பதில் சொல்ல நாளெடுத்தது. நடுவில் எங்களுக்குப் பரீட்சையும் வந்தது. கடைசியில் நல்ல பதில்தான் வந்தது. தாயத்தை மூடினபடியே நீதிமன்றத்தில் ஒப்படைக்கலாம், அவள் பெற்ற தாய் இல்லை என்ற வாக்குமூலத்தை வெளியில் விடாமல் மூடிவைக்கச் சொல்லிக் கேட்கலாம், தங்கம்மாவுக்கோ ஊருக்கோ தெரியவேண்டியதில்லை. அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பரீட்சை எழுதின கையோடு விசுவமடுவுக்குப் பஸ் எடுத்தேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். படித்த படிப்பு ஒருத்திக்கு உதவப்போகிறது என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெருமையாகக்கூட இருந்தது.

நாகேஸ்வரி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மாதிரி அவசரத்தோடு, நான் வாயைத் திறக்க முந்தியே, “வா புள்ள, ஒரு சாமான் காட்டவேணும்” என்றாள்.

குசினிச் சுவர்த்தட்டில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் இருந்தன. இரண்டையும் கோப்பையால் மூடி வைத்திருந்தாள். பக்கத்தில் எங்கள் துண்டுப்பிரசுரம், எண்ணெய் பட்டு, நாலாக மடித்த தடத்தோடு.

“இது என்ர. வாய் கொப்பளிச்சு எடுத்தனான். பார், கொஞ்சமாத் தெரியுது.” முதல் தம்ளரில் மெல்லிய வெள்ளைப் படை ஒன்று ஸ்பிரிட்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றதைத் தூக்கினாள். கலங்கல் தண்ணீர், மஞ்சளும் மண்ணிறமுமாக. “இது புவியின்ர. இதில நூல் வரேல்லை. எவ்வளவு ஸ்பிரிட் விட்டும் வரேல்லை. நான் எங்க பிழை விட்டனான் எண்டு சொல்லு.”

அங்கே கிடந்த பலகையில் இருந்தேன்.

“தாயத்தைத் திறந்தீங்களோ அம்மா?”

“ஓம். காய்ஞ்சு புளியங்கொட்டை மாதிரிக் கிடந்தது. சுடுதண்ணியில ஊறவிட்டு, அம்மியில வச்சு நல்லா அரைச்சனான். பழத்தை நசிச்ச மாதிரி வரவேணும்தானே. உப்பு, லிக்குயிட், எல்லாம் இதில போட்ட மாதிரித்தான்.”

“வடிச்ச சக்கை?”

“எறியச் சொல்லித்தானே கிடக்கு. வெளியில போட்டனான். கோழி கொத்திப்போட்டுது.”

அவளைப் பார்க்க ஏலாமல் அம்மியைப் பார்த்தேன். மிளகாய் அரைக்கிற அம்மி. கழுவிச் சாய்த்து வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அதில் எத்தனை தரம் சம்பல் அரைத்திருப்பாள். தம்ளருக்குள் இருக்கிற கலங்கலில் ஏதாவது மிஞ்சியிருக்கலாம், ஆனால் அதில் அவளுடைய கையும் ஊறின சுடுதண்ணீரும் அம்மியும் கலந்துவிட்டன. எந்த நீதிமன்றமும் அதைக் கையில் எடுக்காது. மூடினபடி கொண்டுவரச் சொன்ன சாமான் அது.

“ஏனம்மா? நான் வருவன் எண்டு சொன்னனான்தானே?” என் குரல் உயர்ந்துவிட்டது.

“நீ வருவாயெண்டு தெரியும்.” அவள் தம்ளரைத் திரும்ப மூடினாள். “எலும்புகளோட ஒப்பிட்டுப் பாக்க எங்கட எச்சில் மாதிரி எடுக்கத் திகதி குறிச்சிட்டாங்களெண்டு தங்கம்மாக்கா வந்து சொன்னவா. எல்லாரும் போறது, நான் மட்டும் போகாமல் விட்டாக் கேப்பினம். அதுக்கு முன்னம் என்ர கண்ணால ஒருக்காப் பாக்கவேணும் போல கிடந்தது. நீ ஏறாது எண்டனி. ஏறாமலோ போகும் எண்டு நினைச்சன். ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாத்தா, கொஞ்சமெண்டாலும் ஒரே மாதிரி இருந்தால், நான் துணிஞ்சு வாயைத் திறப்பன்தானே.”

ஊட்டி வளர்த்தது கொடியில் எப்படி இருக்கும், அது விழுந்தது அவன் கைக்குழந்தையாய் இருக்கையில் அல்லவா என்று என் மூளை கணக்குப் பார்த்தது. அந்த மூளையைத் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

“பழுதாக்கிப்போட்டனோ?”

நான் துண்டுப்பிரசுரத்தை எடுத்து, பழைய தடத்திலேயே மடித்தேன்.

“இனி எடுக்கேலாதோ?”

“ஏலாது அம்மா.”

கழுத்தில் கை வைத்து, கறுப்புக் கயிற்றில் தாயத்து கிடந்த இடத்தைத் தடவினாள். வெற்றுக் கூடு அதிலேயே கிடந்தது. எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். அந்தத் தேத்தண்ணியை நான் எப்படிக் குடித்தேன் என்று தெரியாது. யோகநாதன் சொன்ன நல்ல பதிலை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அஜந்தனிடம் மட்டும் போய்ச் சண்டை பிடித்தேன். ஒரு தாய் உன் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து வீட்டில் செய்து பார்த்தாள், இருந்த ஒன்றும் போய்விட்டது என்றேன். யாரென்று சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டான். பிறகு, “பழத்துக்கும் எச்சிலுக்கும் எண்டுதானே போட்டிருந்தது ஷிபா, நாங்கள் என்ன செய்யிறது?” என்றான். அடுத்த பதிப்பில் ஓர் எச்சரிக்கை வரி சேர்ப்போம் என்றான். சேர்த்தான். சமூகத்திடமிருந்து கற்றுக்கொண்டு திருத்தியதற்கு நடுவர்கள் தனியாகப் பாராட்டினார்கள்.

மாதிரி எடுக்கிற நாள் வந்தது. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். தாய்மார் பயப்படாமல் இருக்க மாணவர்கள் விளங்கப்படுத்தினால் நல்லது என்று தங்கம்மாவே எங்களைக் கேட்டிருந்தார். விசுவமடுவில் நாங்கள் நன்றாகச் செய்தோமாம். அதனால் நானும் ஒரு மேசையில் இருந்தேன். பஞ்சு சுற்றின குச்சியைக் காட்டி, இது குத்தாது, நோகாது, கன்னத்தின் உள்பக்கம் தடவுவார்கள், அவ்வளவுதான் என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாரும் நல்ல சேலை உடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சிலர் பூவும் வைத்திருந்தார்கள்.

நாகேஸ்வரி வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். வரிசையில் தங்கம்மாவுக்கு முன்னால், மகனின் படத்தைச் சேலைத் தலைப்பால் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்து, என் முன்னால் இருந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“புள்ள, ஒண்டு கேக்கவேணும். சரியாச் சொல்லு. என்ர எச்சிலைக் குடுத்தா, அங்க இருக்கிற ஒரு எலும்போடயும் பொருந்தாது, என்ன?”

“பொருந்தாது அம்மா.”

“அவன் அதுக்குள்ள கிடந்தாலும்?”

“கிடந்தாலும்.”

“அப்ப எனக்கு வாற முடிவில, இல்லையெண்டுதான் வரும்.”

“ஓம்.”

கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். “நல்லம்” என்றாள். “அப்ப நான் குடுக்கிறன். இனி ஆர் கேட்டாலும் சொல்லுவன். என்ர பிள்ளை அந்த எலும்புகளுக்குள்ள இல்லையாம், டி.என்.ஏ. பாத்தே சொல்லிப்போட்டாங்களாம் எண்டு. எங்கயோ இருக்கிறான் எண்டுதானே அதுக்கு அர்த்தம்.”

அதற்கு அது அர்த்தம் இல்லை. அவன் அந்தப் பெட்டிகளில் ஒன்றில் கிடந்தால் பெயரில்லாமலே கிடப்பான். ஒருவரும் அவனைக் கேட்டு வரமாட்டார்கள், கேட்க வேண்டியவள் இன்றைக்கு இல்லையென்று எழுதி வாங்கப்போகிறாள். இவ்வளவும் எனக்குத் தெரியும். விளங்கப்படுத்தத்தான் என்னை அங்கே இருத்தியிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளிடமிருந்து இன்னும் எதைப் பிடுங்குவது?

பக்கத்து மேசைக்குப் போனாள். அங்கிருந்த தாதி நிமிராமலே கேட்டாள், “நீங்கள் பெத்த தாயோ?”

“ஓம்” என்றாள் நாகேஸ்வரி. மருந்து குடிக்கிற பிள்ளையைப் போல வாயை ஆவென்று திறந்தாள்.

அடுத்ததாகத் தங்கம்மா என் முன்னால் வந்து இருந்தார். எத்தனையோ பேருக்குத் தைரியம் சொல்லி அழைத்து வந்தவர். இப்போது மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை, இது பொய் சொல்லாதுதானே?”

“சொல்லாது அம்மா” என்றேன்.